ஈரம் சொல்லும், கருவி கேட்கும்

மானாமதுரையில் கடம் உருவாவது திருகையோடு முடிந்துவிடுவதில்லை. திருகையிலிருந்து இறக்கிய மண் பாதி காய்ந்ததும் வேலை மறுபடி தொடங்குகிறது. ஒரு கை உள்ளே கல்லைத் தாங்கிப் பிடிக்க, மறு கை வெளியே மரப்பலகையால் தட்டிக்கொண்டே வரும். சுவரின் தடிமன் சீரானால்தான் நாதம் சீராகும். அந்தப் பலகையைத் தன் கைக்கேற்பச் செதுக்கிக்கொள்வது குயவர்களின் பழைய வழக்கம்.

இன்று மண்பாண்டம் பழகுவோருக்கென்று கருவிகள் பெட்டியாகவே விற்கின்றன. ஆனாலும் நாமே செய்துகொள்வதில் காசு மிச்சமாவதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. களிமண்ணின் குணம் அதன் ஈரத்தைப் பொறுத்து மாறுகிறது. ஒவ்வொரு பதத்துக்கும் வேறு கருவி வேண்டும். அதைச் செய்யப் பழகுகிறவர் மண்ணின் அறிவியலையே பழகுகிறார்.

களிமண் துகள்கள் மெல்லிய தகடுகள். பெரும்பாலானவை 2 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. தகடுகளுக்கு இடையே நீர்ப்படலம் இருக்கும்வரை, நனைந்த இரண்டு கண்ணாடிச் சில்லுகளைப் போல அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். ஆனால் எளிதில் பிரியாது. மண் வளைவதும் வளைத்த வடிவத்திலேயே நிற்பதும் இதனால்தான்.

திருகையில் சுழலும் மண்ணில் ஈரம் அதிகம். அங்கே கருவி வழுக்க வேண்டும், ஒட்டக் கூடாது. அதற்கு ஏற்றது மூங்கில் பத்தை. மூங்கிலின் வெளித்தோல் இறுக்கமானது. நீரை எளிதில் உள்ளே விடாது. ஆனால் குறுக்கே வெட்டிய முனையில் நீர்க்குழாய்கள் திறந்து கிடக்கும். அந்த இடம் நீரை உறிஞ்சி ஊதி, சொரசொரப்பாகிவிடும். ஆகவே மண்ணைத் தொடும் விளிம்பு நாரின் நீளவாக்கில் வரும்படி பத்தையைச் சீவ வேண்டும். விளிம்பை மெல்லிதாக்கி உப்புத்தாளால் தேய்த்தால் போதும், பானையின் சுவரை வழிக்கும் நல்ல கருவி தயார். திருகையிலிருந்து பானையை அறுத்தெடுக்க, இரண்டு குச்சிகளுக்கு நடுவே கட்டிய தூண்டில் நரம்பு போதும். நரம்பு எவ்வளவு மெல்லியதோ, கையின் விசை அவ்வளவு சிறிய பரப்பில் குவியும். மண் ஒட்டுவதற்கும் இடம் குறையும்.

பாதி காய்ந்த பதத்தில் கதையே வேறு. நீர் வெளியேறத் தகடுகள் நெருங்கி வந்திருக்கும். மண் தன் எடையைத் தானே தாங்கும். அடித்தால் உடையாமல் நெகிழும். தட்டுவதற்கான நேரம் இதுதான். நம் குயவர்கள் பானையின் வாயையும் தோளையும் திருகையில் எடுத்து, அடியைத் திறந்தே விட்டு, பிறகு தட்டித் தட்டி அதை மூடுகிறார்கள். கல்லுக்கும் பலகைக்கும் நடுவே நசுங்கும் மண்ணில் காற்று இடைவெளிகள் அடைபடுகின்றன. தகடுகள் சுவருக்கு இணையாகப் படுக்கின்றன. மூலை இல்லாத, மெல்லிய, உருண்டையான அடிப்பகுதி கிடைக்கிறது. அடுப்பில் வைக்கும்போது சூடு சீராகப் பரவுவதால் அது எளிதில் விரிசல் விடுவதில்லை.

உள்ளே பிடிக்கும் கல்லின் வளைவு பானையின் வளைவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் அதன் ஓரம் சுவரில் பள்ளம் போட்டுவிடும். அதனால்தான் பானையின் அளவுக்கேற்பப் பல கற்கள் தேவைப்படுகின்றன. பொருத்தமான கல் கிடைக்காவிட்டால், கைப்பிடியோடு காளான் வடிவில் மண்ணிலேயே ஒன்றைச் செய்து சுட்டுக்கொள்ளலாம்.

சுட்ட மண்ணுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும்போது களிமண் தன் கட்டமைப்பில் பிணைந்திருந்த நீரையும் இழக்கிறது. பிறகு எவ்வளவு ஊறினாலும் சேறாவதில்லை. ஆனால் நுண்துளைகள் மிஞ்சும். அவை ஈர மண்ணின் மேற்பரப்பிலுள்ள நீரை இழுத்துக்கொள்வதால் கருவி ஒட்டாமல் விடுபடுகிறது. பூவேலை பதிக்கும் அச்சுகளையும் இதே முறையில் செய்யலாம்.

பாதி காய்ந்த மண்ணைச் செதுக்க இரும்பு வளையம் தேவை. பழைய கார்பன் எஃகு ஆக்ஸா பிளேடு இதற்கு உதவும். அப்படியே வளைத்தால் முறிந்துவிடும். சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் மெல்ல ஆறவிட்டால் இளகி வளையும். தெர்மாமீட்டர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டும் தன்மையை இழக்கிறது. இடுக்கியில் பிடித்த பிளேடு காந்தத்தில் ஒட்டாமல் போனால் பதம் வந்துவிட்டது என்று பொருள். வேலை செய்யும்போது கண்ணாடியும் கையுறையும் அவசியம்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதும் கருவி ஓர் அளவுகோல். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும். எவ்வளவு என்பது மண்ணுக்கு மண் மாறும். உங்கள் மண்ணில் ஒரு பட்டை தட்டி, அதில் 10 செ.மீ. கோடு கீறிக் காயவைத்துச் சுடுங்கள். கோடு 9 செ.மீ. ஆகியிருந்தால் சுருக்கம் 10 சதவீதம். 18 செ.மீ. தட்டு வேண்டுமென்றால் ஈரத்தில் 20 செ.மீ. எடுக்க வேண்டும். இந்தக் கணக்கையே ஒரு மூங்கில் பத்தையில் ஏற்றிவிடலாம்: சுமார் 11.1 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொன்றையும் 1 செ.மீ. என்று குறித்துக்கொள்ளுங்கள். ஈரப் பானையை அதைக்கொண்டு அளந்தால், சுட்ட பிறகு வரப்போகும் அளவு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பக்கத்து ஊர் மண்ணுக்கு இந்தக் கோல் பொருந்தாது; எந்தக் கடையிலும் உங்களுக்கானது கிடைக்காது. மண் பிசையக் கற்றுத்தரும் பள்ளிகளும் பயிற்சி வகுப்புகளும் முதல் பாடமாக இதைச் செய்யச் சொல்லட்டும். தன் மண்ணை அளக்கத் தெரிந்த பிள்ளைக்கு மற்ற கருவிகளைத் தானே யோசித்துச் செய்துகொள்ளும் துணிவு வரும்.