பக்கெட்டுக்கு எந்த இரும்பு?

பொக்லைன் பக்கெட்டின் அடித்தகடு தேய்ந்து ஓட்டை விழுந்தால், பட்டறையில் இரண்டு யோசனைகள் தயாராக இருக்கும். "எம்.எஸ். தகட்டையே இன்னும் தடிமனாகப் போட்டுவிடலாம்" என்பது ஒன்று. "ஹார்டாக்ஸ் போட்டால் கவலையே இல்லை" என்பது மற்றொன்று. இரண்டும் சில இடங்களில் சரி, சில இடங்களில் வீண் செலவு. ஒரு பக்கெட் மூன்று விதமாகக் கெடுகிறது: தேய்கிறது, வளைகிறது, விரிசல் விடுகிறது. மூன்றையும் தடுக்கும் ஒரே இரும்பு இல்லை. எந்தப் பாகம் எப்படிக் கெடுகிறது என்று பார்த்து, அதற்கேற்ற தகட்டைப் போடுவதுதான் தேர்வு.

இரண்டு 450-கள்

கடையில் கேட்கும் எண்களை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். நாம் எம்.எஸ். என்று வாங்கும் தகடு பெரும்பாலும் ஐ.எஸ். 2062 தரத்தின் இ250 வகை. 250 என்பது அதன் வலிமை: ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 25 கிலோ பாரம் வரை இழுத்தாலும் விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பும். அதைத் தாண்டினால் நிரந்தரமாக நீண்டுவிடும். இதே தரத்தில் இ350, இ450 என்று வலிமை ஏறிக்கொண்டே போகும்.

ஹார்டாக்ஸ் போன்ற தேய்மானத் தகடுகளின் பெயரில் வரும் 400, 450, 500 வேறு கணக்கு. அவை பிரினெல் கடினத்தைக் குறிப்பவை. சுவீடன் பொறியாளர் பிரினெல் 1900-இல் அறிமுகப்படுத்திய சோதனை இது. 10 மி.மீ. குண்டை 3000 கிலோ விசையில் தகட்டின்மேல் அழுத்துவார்கள். பள்ளம் சிறிதாக இருந்தால் எண் பெரிது. சாதாரண எம்.எஸ். தகடு இதில் 120 முதல் 150-க்குள் நிற்கும்.

எனவே இ450 தகடும் 450 தேய்மானத் தகடும் ஒன்றல்ல. முன்னதின் பிரினெல் கடினம் பெரும்பாலும் 200-க்குக் கீழேதான். பின்னதின் வலிமையோ சதுர மில்லிமீட்டருக்கு 1100 நியூட்டனுக்கும் மேல். இந்த வேறுபாடு தெரியாமல் வாங்கினால், பெயரில் 450 இருக்கும், தேய்மானம் மட்டும் குறையாது.

மண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

இரும்பைத் தேய்ப்பதில் முதல் குற்றவாளி குவார்ட்ஸ். மணலிலும் கிரானைட்டிலும் நிறைந்திருக்கும் இந்தக் கனிமம், 500 பிரினெல் தகட்டைவிடவும் கடினமானது. ஆகவே எந்தத் தகடும் தேயாமல் இருக்காது. தேயும் வேகத்தைத்தான் குறைக்க முடியும்.

நெய்வேலி இதற்கு நல்ல சான்று. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேல் கடலூர் மணற்கல் படிந்திருக்கிறது. பக்கெட் வீல் எந்திரங்களின் பற்களை அது வேகமாகத் தின்றதால், தோண்டுவதற்கு முன் வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தும் முறையைக் கையாள வேண்டியிருந்தது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் இதற்கு நேர்மாறு. அதன் முக்கியக் கனிமமான கால்சைட் இரும்பைவிட மென்மையானது. கரிசல் மண்ணோ ஒட்டிக்கொண்டு தொல்லை தரும், அதிகம் தேய்க்காது. ஏரி தூர்வாரவும் வாய்க்கால் வெட்டவும் போகும் வண்டிக்கு விலை உயர்ந்த தகடு தேவையில்லை. கிருஷ்ணகிரி கிரானைட் குவாரியில் ஓடும் வண்டிக்கு அது செலவை மிச்சப்படுத்தும்.

ஒரே பக்கெட்டில் பல இரும்பு

அடித்தகடும் பக்கத் தகடுகளின் கீழ்ப்பகுதியும் உரசியே தேய்பவை. மணல், ஜல்லி, பாறை வேலைக்கு இங்கே 400 அல்லது 450 தகடு பொருந்தும்.

உதடு முதலில் மோதும் இடம், அதனால் உரசலோடு அடியும் வாங்கும். 450 முதல் 500 வரையான தகடோ, போரான் சேர்த்துக் கடினமாக்கிய கட்டிங் எட்ஜோ போடலாம். பெரிய பாறையில் முட்டி மோதும் வேலையென்றால் 500-ஐவிட 450 பாதுகாப்பானது. கடினம் ஏற ஏற, அடியைத் தாங்கும் குணம் குறையும்.

பற்கள் தேய்வதற்கென்றே இருப்பவை. 500 பிரினெல் அளவுக்குக் கடினமாக்கிய அலாய் வார்ப்பு வாங்கி, பல்லைத் தாங்கும் அடாப்டர் தேயத் தொடங்கும் முன் மாற்றிவிட வேண்டும்.

பின் நுழையும் காதுப் பகுதி மண்ணில் அதிகம் உரசாது. ஆனால் முழு விசையும் அதன் வழியாகத்தான் போகிறது. இங்கே கடினத்தைத் தேடக் கூடாது. நன்றாக வெல்டிங் ஏற்கும், விரிசலை எதிர்க்கும் இ350 நல்லது. அதிலும் மோதல் சோதனை (இம்பாக்ட் டெஸ்ட்) செய்த துணைவகையாகக் கேட்டு வாங்குங்கள். பின்னுக்கு இஎன்19 போன்ற குரோம்-மாலிப்டினம் இரும்பை எடுத்து, மேற்பரப்பை மட்டும் கடினமாக்குவார்கள். உள்ளே இளகலாக இருந்தால்தான் அது முறியாது.

மாங்கனீஸ் ஸ்டீலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1882-இல் ஷெஃபீல்டில் ஹாட்ஃபீல்ட் கண்டுபிடித்த இந்த உலோகத்தில் மாங்கனீஸ் சுமார் 12 சதவீதம். அடி வாங்க வாங்கத்தான் இறுகும். கிரஷர் ஜாவுக்கு அது அருமை. மணலில் வெறுமனே உரசினால் இறுக வாய்ப்பில்லாமல் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கடினம் வேறு, விறைப்பு வேறு

தேய்மானத் தகடு வலிமையானது என்று பாதித் தடிமனில் போட்டுவிடலாமா? எல்லா இரும்புக்கும் விறைப்பைக் குறிக்கும் நெகிழ்ச்சிக் குணகம் ஏறக்குறைய ஒன்றே, 200 கிகாபாஸ்கலை ஒட்டியது. தகட்டை மெலிதாக்கினால், எந்தத் தரமாக இருந்தாலும் அது அதிகம் அசையும். வெல்டிங் ஓரத்தில் திரும்பத் திரும்ப வரும் அசைவினால் உண்டாகும் விரிசலையும் உயர்ந்த தரம் தடுக்காது. அங்கே வேலை செய்வது நல்ல வடிவமைப்பும் சரியான இடத்தில் வைத்த ரிப்பும்தான்.

மறுபக்கம், தடிமனை ஏற்றிக்கொண்டே போவதும் தீர்வல்ல. 10 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கு 78.5 கிலோ. கூட்டும் ஒவ்வொரு கிலோவையும் வண்டி நாள் முழுக்கத் தூக்கி இறக்க வேண்டும். அவ்வளவுக்கு மண் குறையும், டீசல் கூடும்.

வெல்டிங்கில் தோற்காதீர்கள்

தேய்மானத் தகட்டின் கடினம், சூடாக்கி வேகமாகக் குளிர வைத்ததால் வந்தது. தகடு 250 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானால் அந்தக் கடினம் இறங்கத் தொடங்கும். கேஸ் கட்டரால் சூடேற்றி, சம்மட்டியால் தட்டி வளைத்தால் அந்த இடம் சாதாத் தகட்டின் நிலைக்கு நெருங்கிவிடும்.

இன்னொரு ஆபத்து ஹைட்ரஜன். ஈரமான ராடிலிருந்து அது வெல்டுக்குள் புகுந்து, வேலை முடிந்து ஓரிரு நாள் கழித்தும் விரிசலை உண்டாக்கும். ஆகவே 7018 வகை லோ ஹைட்ரஜன் ராடை அடுப்பில் 300 முதல் 350 டிகிரியில் உலர்த்திப் பயன்படுத்த வேண்டும். தகட்டில் ஈரமும் எண்ணெயும் கூடாது. தடிமனான தகட்டுக்கு, தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு முன்சூடு அவசியம். மூலையில் வெல்டிங்கைத் தொடங்கவோ முடிக்கவோ வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கவே கூடாது.

வாங்கும்போது

பெயரை நம்பாமல் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டைக் கேளுங்கள். அதிலுள்ள ஹீட் எண் தகட்டின் மேலுள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். துண்டாக வாங்கினால், கையடக்கக் கடினமானியால் ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது.

விலையைக் கிலோவுக்கு ஒப்பிடாதீர்கள். தகட்டு விலை, வெல்டிங் கூலி, வண்டி நின்ற நாட்களின் இழப்பு மூன்றையும் கூட்டி, அது உழைத்த மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். இதற்காக 250 மணி நேரத்துக்கு ஒரு முறை, சர்வீஸின்போது, அடித்தகட்டின் தடிமனைக் குறிப்பிட்ட சில இடங்களில் அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது, எந்த இடத்தில் எந்தத் தகடு வேண்டும் என்பதை அந்த நோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.