ஹரீஷ் ஹந்தே
ஹரீஷ் ஹந்தே இந்தியப் பொறியியலாளரும் சமூகத் தொழில்முனைவோரும் ஆவார். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இவர், அமெரிக்காவின் லோவெல் நகரிலுள்ள மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1995 இல் நெவில் வில்லியம்சுடன் இணைந்து பெங்களூரில் செல்கோ என்னும் சூரிய ஆற்றல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

மண்ணெண்ணெய்க்குச் சிறுகச் சிறுகச் செலவிடும் ஏழைக் குடும்பங்களால் சூரிய விளக்கின் முழு விலையையும் ஒரே தடவையில் செலுத்த இயலாது. ஆகவே செல்கோ, ஊரக வங்கிகள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் கடனுதவியுடன் கர்நாடகச் சிற்றூர்களில் விளக்குகளை நிறுவியது. கடனைத் திருப்பிச் செலுத்தும் தவணைகள் வருவாய்க்கேற்ப வகுக்கப்பட்டன. தெரு வணிகர் நாள்தோறும், உழவர் அறுவடைக்குப் பின்னரும் செலுத்துவது இம்முறையாகும். ஒரே கடன்தொகையாயினும், தவணை பொருந்தாவிடில் ஏழைகளுக்கு அது எட்டாததாகிவிடும் என்பதே இதன் அடிப்படை.

இப்பணிக்காக 2011 இல் ஹந்தேக்கு ரமோன் மக்சேசே விருது வழங்கப்பட்டது.