புழு வளர்ப்பு மனையில் வெப்பமும் ஈரமும் அறியும் கம்பியில்லாக் கருவிகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு, திருப்பூர் முதலிய மாவட்டங்களில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்பது பல குடியானவர் குடும்பங்களுக்கு ஜீவனோபாயமாக இருந்து வருகிறது. இத்தொழிலில் உழைப்புக்கு ஏற்ற பலன் உண்டு. ஆனால் ஆபத்தும் உண்டு. பட்டுப்புழு தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் சக்தியற்ற பிராணி. சுற்றியுள்ள காற்றின் வெப்பமே அதன் வெப்பம். காற்று காய்ந்தால் தட்டிலுள்ள தழை வாடி, புழு பட்டினி கிடக்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் படுக்கை நனைந்து, சுண்ணாம்புக்கட்டி நோய்க்கு இடம் உண்டாகும்.

புழு தன் ஆயுளில் தின்னும் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஐந்தாம் பருவத்திலேயே தின்கிறது. ஆகவே, கடைசி வாரத்தில் ஏற்படும் நஷ்டம் முதல் வாரத்து நஷ்டத்தைப் போன்றதன்று. தழை, கூலி, முட்டைத் தொகுதியின் விலை ஆகிய யாவும் செலவான பிறகு வரும் நஷ்டம் அது. அந்த நாட்களில் ஓர் இரவும் கவனக் குறைவாகக் கழியலாகாது.

வெண்பட்டுக் கூடு தரும் இருசந்ததிப் புழுவுக்கு ஏற்ற நிலை பருவத்துக்குப் பருவம் வேறுபடும். முதல் இரு பருவங்களிலும் 27 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வெப்பமும் 85 முதல் 90 சதவிகித ஈரப்பதமும் தேவை. மூன்றாம் பருவத்தில் 26 டிகிரியும் 80 சதவிகிதமும், நான்காம் பருவத்தில் 25 டிகிரியும் 70 முதல் 75 சதவிகிதமும், ஐந்தாம் பருவத்தில் 24 டிகிரியும் 65 முதல் 70 சதவிகிதமும் உகந்தவை. புழு வளர வளர வெப்பமும் ஈரமும் குறைந்துகொண்டே வர வேண்டும் என்பது இதன் சாரம்.

இந்நிலையை அறிய ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. அவை நல்ல கருவிகள். அவற்றை எறிந்துவிட வேண்டியதில்லை. ஆனால் அருகே சென்று பார்ப்பவருக்கு மட்டுமே அவை சொல்லும். வீட்டார் அனைவரும் தழை வெட்டப் போன பிற்பகலிலும், அயர்ந்து உறங்கும் பின்னிரவிலும் அவை யாரையும் அழைப்பதில்லை. இக்குறையைப் போக்கவே கம்பியில்லாக் கணுக்கள் பயன்படுகின்றன.

ஈரப்பதம் என்பது யாது?

கருவியை வாங்குமுன் ஒரு விஷயத்தைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம். காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. 30 டிகிரி வெப்பமுள்ள காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் 23 கிராம். 20 டிகிரியில் 17 கிராம். தாங்கக்கூடிய அளவில் எத்தனை சதவிகிதம் இப்போது இருக்கிறது என்பதே ஈரப்பதம்.

மாலையில் 30 டிகிரியும் 60 சதவிகித ஈரப்பதமும் உள்ள மனையைக் கதவடைத்து விட்டோம் என்று கொள்வோம். அக்காற்றில் கன மீட்டருக்கு 18 கிராம் நீராவி உள்ளது. நள்ளிரவில் வெப்பம் 25 டிகிரிக்கு இறங்கினால், ஒரு சொட்டு நீரும் சேராமலே ஈரப்பதம் சுமார் 79 சதவிகிதத்துக்கு ஏறிவிடும். 20 டிகிரிக்கு இறங்கினால் சுவரிலும் தட்டிலும் நீர் பூக்கத் தொடங்கும். ஆதலின் வெப்பத்தையும் ஈரத்தையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றை அளப்பதால் பிரயோஜனமில்லை.

கணுவின் பாகங்கள்

கணு என்பது உள்ளங்கையில் அடங்கும் சிறிய மின்பலகை. அதில் கணக்கிடும் சில்லும் வானொலி அலையில் பேசும் பகுதியும் சேர்ந்திருக்கும். 2014-ஆம் ஆண்டு வெளிவந்த ஈ.எஸ்.பி. 8266 என்ற சில்லும், 2016-இல் வந்த ஈ.எஸ்.பி. 32 என்ற சில்லும் இவ்வேலைக்கு மிகுதியாகப் பயன்படுகின்றன. கணுவோடு சென்சார் எனப்படும் உணர்கருவியை இணைக்கிறோம். உணர்கருவி அளக்கும், கணு அதைச் செய்தியாக்கி அனுப்பும்.

உணர்கருவிகளில் பல தரம் உண்டு. டி.எச்.டி. 11 என்பது விலை குறைந்தது. ஆனால் வெப்பத்தில் 2 டிகிரியும் ஈரப்பதத்தில் 5 சதவிகிதமும் முன்பின்னாகக் காட்டலாம். 24 டிகிரிக்கும் 26 டிகிரிக்கும் பேதம் பார்க்க வேண்டிய தொழிலுக்கு அது ஏற்றதன்று. டி.எச்.டி. 22 அரை டிகிரிக்குள்ளும், வழக்கமாக 2 சதவிகிதத்துக்குள்ளும் காட்டும். எஸ்.எச்.டி. 31 அதனினும் நுட்பமானது. வெப்பத்தை மட்டும் பல இடங்களில் அறிய, உலோக உறையிட்டு நீர் புகாதபடி செய்த டி.எஸ். 18பி20 உதவும், ஒரே கம்பியில் இவற்றில் பலவற்றைக் கோக்கலாம்.

டி.எச்.டி. 22-ஐ இணைக்க மூன்று கம்பிகள் போதும்: 3.3 வோல்ட் மின்சாரம், தரை, செய்திக் கம்பி. செய்திக் கம்பிக்கும் மின்சாரக் கம்பிக்கும் இடையே 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்க வேண்டும்; சிறு பலகையோடு விற்கப்படும் கருவிகளில் அது முன்பே பொருத்தப்பட்டிருக்கும். இக்கருவியை இரண்டு வினாடிக்கு ஒரு முறைக்கு மேல் கேட்கலாகாது. நமக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அளந்தாலே போதும்.

எங்கே தொங்கவிடுவது?

கருவி எவ்வளவு உயர்ந்ததாயினும், தொங்கும் இடம் தவறானால் அது தவறாகவே சொல்லும். புழு இருக்கும் உயரத்தில், தாங்கியின் நடுவில், படுக்கையிலிருந்து ஒரு சாண் விலகித் தொங்க வேண்டும். சுவரில் ஆணி அடித்து மாட்டினால் அது சுவரின் வெப்பத்தைச் சொல்லுமேயன்றிப் புழுவின் நிலையைச் சொல்லாது. சன்னலுக்கு எதிரிலும், ஈரச் சாக்குத் திரைக்கு அருகிலும் மாட்டலாகாது.

சூடான காற்று மேலே எழும். தகரக் கூரையோ கல்நார்க் கூரையோ உள்ள மனையில் மேல் அடுக்குப் புழுவுக்கும் கீழ் அடுக்குப் புழுவுக்கும் நிலை ஒன்றாக இராது. ஆகையால் மேல் அடுக்கில் ஒன்றும் கீழ் அடுக்கில் ஒன்றுமாக இரண்டு வைப்பது நலம். மூன்றாவது ஒன்றை மனைக்கு வெளியே வடபுற நிழலில் வைத்தால், சன்னலைத் திறப்பதால் நன்மையா தீமையா என்று தெரியும். வெளியே வைப்பதற்கு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து இடைவெளி விட்டு அடுக்கி, அதனுள் கருவியைத் தொங்கவிடலாம். வெயிலும் மழையும் படாது, காற்று மட்டும் நுழையும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது வேறொன்று. கணு வேலை செய்யும்போது சூடாகும். உணர்கருவியையும் கணுவையும் ஒரே டப்பாவில் அடைத்தால், உணர்கருவி கணுவின் சூட்டையும் சேர்த்து அளக்கும். இதன் விளைவு வெப்பத்தோடு நிற்பதில்லை. மனையில் உண்மையில் 25 டிகிரியும் 75 சதவிகிதமும் இருக்க, கருவி மூன்று டிகிரி சூடேறியிருந்தால், அது 28 டிகிரி என்றும் ஈரப்பதம் 63 சதவிகிதம் என்றும் காட்டும். அதைப் பார்க்கும் குடியானவர், மனை காய்கிறது என்று எண்ணி நீர் தெளிப்பார். ஏற்கெனவே போதிய ஈரமுள்ள படுக்கை மேலும் நனையும். கருவி இல்லாத மனையில்கூட நேராத கேடு, தவறாகப் பொருத்திய கருவியால் நேர்ந்துவிடும்.

எனவே உணர்கருவியைக் கணுவிலிருந்து ஒரு முழமாவது கம்பியால் விலக்கி, கணுவுக்கு மேலே அன்றிப் பக்கத்திலோ கீழேயோ தொங்கவிட வேண்டும். அளவு எடுத்தபின் கணுவை உறங்கச் செய்வதும் நல்லது. ஈ.எஸ்.பி. 8266 விழித்திருக்கையில் சுமார் 70, 80 மில்லி ஆம்பியர் மின்சாரம் கொள்ளும். ஆழ்ந்த உறக்கத்தில் சில்லுக்குச் சுமார் 20 மைக்ரோ ஆம்பியரே போதும். சூடும் குறையும், பாட்டரியும் நீடிக்கும். நோட் எம்.சி.யு. பலகையில் டி0 என்ற முனையை ஆர்.எஸ்.டி. என்ற முனையோடு இணைத்தால்தான் அது குறித்த நேரத்தில் தானே விழிக்கும்.

உப்புச் சோதனை

வாங்கிய கருவி சரியாகச் சொல்கிறதா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். இதற்குச் சமையல் உப்பே போதும். பாட்டில் மூடி ஒன்றில் உப்பை இட்டு, கூழ்போல் ஆகுமளவுக்குச் சில சொட்டு நீர் விட வேண்டும். உப்பு முழுதும் கரைந்துவிடலாகாது. அதைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, உணர்கருவியை உப்பு படாமல் உள்ளே தொங்கவிட்டு, கம்பி வெளிவரும் துளையை மெழுகால் அடைத்துவிட வேண்டும். கணு வெளியே இருக்கட்டும். நிழலில், வெப்பம் மாறாத இடத்தில் ஓர் இரவு வைத்தால், டப்பாவினுள் ஈரப்பதம் 75 சதவிகிதத்தில் நிலைக்கும். நம் வீடுகளில் உள்ள வெப்பத்தில் இந்த எண் மாறுவதில்லை. கருவி 78 காட்டினால், மூன்றைக் கழிக்கும்படி கணுவின் நிரலில் எழுதிவிடலாம். பத்துக்கு மேல் பிழையிருந்தால் அக்கருவியை ஒதுக்கிவிடுவதே சிக்கனம்.

நீர் புகாத டி.எஸ். 18பி20-ஐ, நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்தில் அமிழ்த்திக் கலக்கிப் பார்க்கலாம். அது பூஜ்யம் டிகிரி காட்ட வேண்டும். இவ்வாறு சோதித்த ஒன்றின் அருகே மற்ற உணர்கருவிகளை ஓர் இரவு தொங்கவிட்டு ஒப்பிடலாம். ஒவ்வொரு பயிருக்கும் முன் இச்சோதனையைச் செய்வது வழக்கமாக வேண்டும்.

செய்தி செல்லும் வழி

மனை வீட்டை ஒட்டியிருந்தால் வைஃபை போதும். இக்கணுக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே பேசும். வீட்டு ரவுட்டரில் அந்த அலை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தகரமும் இரும்புத் தாங்கியும் அலையை மறைக்கும். மனை தோட்டத்தில் தொலைவில் இருந்தால் லோரா என்ற முறை ஏற்றது. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலையில், விதித்த சக்திக்குள் இயங்கும் இத்தகைய கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. திறந்த வெளியில் சில கிலோமீட்டர் வரை இது எட்டும்.

வீட்டில் செய்தியைப் பெற ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி ஒன்று வேண்டும். ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கணுக்கள் அதனோடு பேசும் முறைகளில் எம்.க்யூ.டி.டி. ஒன்று. 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர், எண்ணெய்க் குழாய்களைத் தொலைவிலிருந்து கண்காணிப்பதற்காக வகுத்த முறை அது. சுருக்கமான செய்திகளுக்கு ஏற்றது. கணினி வீட்டிலேயே இருப்பதால் இணையம் நின்றாலும் எச்சரிக்கை மணி ஒலிக்கும்.

எச்சரிக்கை இரு வகையாக இருக்க வேண்டும். வெப்பமும் ஈரமும் பருவத்துக்குரிய எல்லையைத் தாண்டினால் ஒலிப்பது ஒன்று. அரை மணி நேரமாகக் கணுவிடமிருந்து செய்தியே வராவிட்டால் ஒலிப்பது மற்றொன்று. கணு மௌனமாக இருப்பதால் மனை நலமாக இருக்கிறது என்று பொருளாகாது. மின்சாரம் நின்றிருக்கலாம், எலி கம்பியைக் கடித்திருக்கலாம். பருவம் மாறும்போதெல்லாம் எல்லை எண்களையும் மாற்ற மறக்கலாகாது.

கருவியைப் பேணுதல்

மனையைத் தூய்மை செய்யப் பிளீச்சிங் பவுடரும் பார்மலினும் உபயோகிக்கும் நாளில் உணர்கருவியைக் கழற்றி வெளியே எடுத்துவிட வேண்டும். அந்த ஆவி அதன் நுண்ணிய படலத்தைக் கெடுத்துவிடும். தோலுரிப்பின்போது தூவும் சுண்ணாம்புத் தூளும் அதன் வாயை அடைக்கும். நுண்துளை மூடியுள்ள கருவியை வாங்கினால் இத்தொல்லை குறையும்.

ஈரத் தெளிப்பானையும் விசிறியையும் கணுவே இயக்கும்படி செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் முதல் பயிரிலேயே வேண்டாம். ஒரு பயிர் முழுவதும் கருவி சொல்வதையும் ஈரக்குமிழ் வெப்பமானி காட்டுவதையும் நோட்டில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். நம்பிக்கை ஏற்பட்ட பின் இயக்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுங்கள். அப்போதும் ஒரே மூச்சில் எத்தனை நிமிஷம் தெளிக்கலாம் என்பதற்கு வரம்பு வைக்க வேண்டும். 230 வோல்ட் இணைப்புகளை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்தல் வேண்டும்.

பஞ்சாயத்தின் பங்கு

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதில் செய்யக்கூடியது அதிகம். சோதித்துச் சரிபார்த்த உணர்கருவி ஒன்றை ஊருக்குப் பொதுவாக வைத்திருந்தால், எல்லோரும் தங்கள் கருவியை அதனோடு ஒப்பிடலாம். பற்றவைக்கவும் நிரல் எழுதவும் தெரிந்த இளைஞர், யுவதி இருவரை ஊரிலேயே பழக்கினால், பழுது வந்த நாளில் பட்டணத்துக்கு ஓட வேண்டியதில்லை. அருகருகே உள்ள மனைகளுக்கு ஒரே லோரா நிலையம் போதும், செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

இக்கருவிகள் புழுவை வளர்த்துத் தருவதில்லை. தழையும் துப்புரவும் காலம் தவறாத கவனமுமே கூட்டை விளைவிக்கின்றன. இரவு முழுவதும் விழித்து மனைக்கும் வீட்டுக்கும் நடக்கும் பெண்களுக்குச் சில மணி நேர உறக்கத்தை இக்கருவிகள் தரக்கூடும். அந்த உறக்கம் நிம்மதியானதாக இருக்க வேண்டுமானால் கருவி சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். ஆகவே வாங்குவதில் காட்டும் ஆர்வத்தைத் தொங்கவிடுவதிலும் சோதிப்பதிலும் காட்டுமாறு குடியானவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.