அப்பாவானதும் அப்பாவின் சாயல் வருவது ஏன்?

பிள்ளை பெற்றால் தாயின் உடல் மட்டுமல்ல, தகப்பனின் உடலும் மாறுகிறது. பிலிப்பைன்ஸின் செபு பகுதியில் 1983-84இல் பிறந்தவர்களை ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் ஆண்கள் தந்தையானபோது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் கணிசமாகக் குறைந்தது. நாள்தோறும் 3 மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைக் கவனித்தவர்களிடம் இன்னும் குறைவு. 2011இல் வெளியான இந்த முடிவைக் கேட்டு ‘ஆண்மை போச்சா?’ என்று யாரும் பதற வேண்டாம். போட்டிக்கும் துணை தேடுவதற்கும் உந்தும் ஹார்மோன் சற்று அடங்கினால், கவனம் தொட்டில் பக்கம் திரும்பும் என்பதே பொதுவான விளக்கம்.

இதைவிடச் சுவையானது 2022இல் வந்த தொடர்ச்சி. பதின்பருவத்தில் தகப்பன் உடனிருந்து வளர்ப்பிலும் பங்கெடுத்திருந்தால், அந்த மகன்கள் தாங்கள் தந்தையானபோது குறைந்த டெஸ்டோஸ்டிரோனுடன் இருந்தார்கள். ஒரே வீட்டில் இருந்தும் ஒட்டாத தகப்பன்களின் மகன்களிடம் இந்தக் குறைவு தென்படவில்லை.

எப்படி? ஹார்மோன் அமைப்பு பக்குவப்படும் வயது பதின்பருவம். அப்போதைய குடும்ப அனுபவம் அதில் தடம் பதிக்கலாம். பார்த்துப் பழகுவதும் சேர்ந்துகொள்கிறது. அப்படிப் பார்த்துப் பழகும் முன்மாதிரி தாய்மாமனாகவோ தாத்தாவாகவோகூட இருக்கலாம்.

ஆனால் இது தலைவிதி அல்ல. தனக்குக் கிடைக்காததைத் தன் பிள்ளைக்குத் தரவேண்டும் என்று வேண்டுமென்றே வேறு வழியில் போகும் ஆண்களும் உண்டு. பிள்ளையோடு நெருங்கினால் உடலும் சும்மா இருப்பதில்லை: செபுவிலேயே, பிள்ளையோடு ஒரே படுக்கையில் உறங்கும் தகப்பன்களுக்கு மாலைநேர டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தது.