உங்கள் எலும்பு தினமும் எவ்வளவு புதுசாகிறது, தெரியுமா?

இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து, மெல்லிய சீவலாக அறுத்து, புறஊதா ஒளியில் மைக்ராஸ்கோப் வழியே பார்த்தால் என்ன தெரியும், தெரியுமா? மஞ்சளும் பச்சையும் கலந்து ஒளிரும் இரண்டு கோடுகள்!

அவற்றை வரைந்தது டெட்ராசைக்ளின் மாத்திரை. ஆமாம், ஆன்டிபயாடிக்தான். கால்சியம் புதிதாகப் படிந்துகொண்டிருக்கும் இடமாகப் பார்த்து அது ஒட்டிக்கொண்டு, அங்கேயே புதைந்துவிடும். (வளரும் பற்களில் இப்படித்தான் நீங்காத கறையாகிறது, சிறு குழந்தைகளுக்கு டாக்டர்கள் இதைத் தவிர்ப்பது அதனால்தான்.) இரண்டு மூன்று நாள் மாத்திரை, பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளி, மறுபடி இரண்டு மூன்று நாள் மாத்திரை. சில நாள் கழித்து எலும்புத் துண்டை எடுக்கிறார்கள். கோடுகளுக்கு நடுவிலுள்ள தூரத்தை, இடையில் போன நாட்களால் வகுத்தால் எலும்பு கட்டப்படும் வேகமே கிடைத்துவிடுகிறது! அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் ஹரோல்ட் ஃபிராஸ்ட் 1960களில் வளர்த்தெடுத்த முறை இது.

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. கி.பி. 350-க்கும் 550-க்கும் இடையில் நூபியாவில், அதாவது இன்றைய சூடான் பகுதியில், வாழ்ந்தவர்களின் எலும்பிலும் இதே ஒளிர்வு தெரிந்தது! 1980-ல் ஜார்ஜ் ஆர்மெலகோஸின் குழு இதை அறிவித்தபோது பலர் நம்பவில்லை. டெட்ராசைக்ளின் வகை மருந்தே 1940களின் கடைசியில்தானே கண்டறியப்பட்டது! 2010-ல் வேதியியலாளர் மார்க் நெல்சன் அந்த எலும்புகளைக் கரைத்துச் சோதித்துப் பார்த்தார். டெட்ராசைக்ளினேதான். தானியத்தில் காய்ச்சிய பீரில், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா அதை உண்டாக்கியிருக்க வேண்டும் என்கிறார்கள்.

சரி, ஆரோக்கியமான பெரியவரின் எலும்பு என்ன வேகத்தில் கட்டப்படுகிறது? நாளுக்குச் சுமார் 0.6 மைக்ரான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்; அதிலும் பாதிக்குச் சற்று மேல்! ஆனால் வேலை ஓரிடத்தில் நடப்பதில்லை. உடல் முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே நேரத்தில் நடக்கிறது. பழைய சுவரை இடிக்கும் ஆட்கள் முன்னே போக, கொத்தனார்கள் பின்னாலேயே வருவதுபோல, அரிக்கும் செல்கள் சில வாரங்களில் ஒரு குழியைத் தோண்டிவிட்டு நகர, கட்டும் செல்கள் மூன்று நான்கு மாதம் எடுத்து அதை நிரப்புகின்றன. இப்படியே ஆண்டுக்கு எலும்புக்கூட்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு புதுசாகிவிடுகிறது!

இடுப்பெலும்பின் உள்ளே உள்ள பஞ்சுப் பகுதியில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்குதான் எலும்பு என்பது தெரியுமா? மீதியெல்லாம் மஜ்ஜை. வயது ஏற ஏற அந்த 20-ம் குறையும்.

இந்த எண்களெல்லாம் எப்படி வந்தன? எந்த நோயும் இல்லாதவர்கள் தாங்களாக முன்வந்து, தங்கள் இடுப்பெலும்பைத் துளைத்துத் துண்டு எடுக்கச் சம்மதித்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் 'இயல்பு' என்று சொல்ல நம்மிடம் ஓர் அளவே இருந்திருக்காது. மருத்துவத்துக்கு இதைவிடப் பெரிய கொடை என்ன இருக்கிறது! ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் ஒவ்வொரு பெயரில் அளந்துகொண்டிருந்ததை 1987-ல் மைக்கேல் பார்ஃபிட் தலைமையிலான குழு ஒரே முறைக்குள் கொண்டுவந்தது.

எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்திருக்கிறீர்களா? அதில் வரும் 'டி ஸ்கோர்' உங்களை யாரோடு ஒப்பிடுகிறது, தெரியுமா? உங்கள் வயதுக்காரரோடு அல்ல, இளவயதினரோடு! உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த கணக்குப்படி -1 வரை இயல்பு, -2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு. இடுப்புக்கு உலகெங்கும் பரவலாகப் பயன்படும் ஒப்பீட்டு அளவு, 20 முதல் 29 வயதுள்ள அமெரிக்க வெள்ளையினப் பெண்களுடையது. நம் ஊர் உடலை அந்த அளவுகோலில் மட்டும் வைத்துப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தியர்களுக்கென்று தனி அளவு தேட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல ஊர்களில் ஆய்வு நடத்தியது நல்ல காரியம்.

ஸ்கேன் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. கட்டும் செல்கள் முதலில் போடுவது ஆஸ்டியாய்டு என்ற மெத்தென்ற படலம். அதன் இயல்பான தடிமன் சுமார் 10 மைக்ரான். சில வாரங்களில் அதில் கால்சியம் ஏறி இறுகிவிட வேண்டும். வைட்டமின் டி கடுமையாகக் குறைந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு நூறு நாளையும் தாண்டிவிடும், படலம் தடித்துக்கொண்டே போகும். இதுதான் ஆஸ்டியோமலேசியா, எலும்பு மெலிவல்ல, எலும்பு மென்மை! ஸ்கேனில் இரண்டுமே 'அடர்த்தி குறைவு' என்றுதான் வரும்.

டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளுக்கு விஷயம் இன்னும் சிக்கல். சிலருக்கு எலும்பு மிதமிஞ்சிய வேகத்தில் அழிந்து உருவாகிறது. வேறு சிலருக்கு வேலையே நின்றுபோகிறது. வேகத்தைக் குறைக்கும் மருந்து முதல் வகையினருக்கு உதவும், இரண்டாம் வகையினருக்குக் கேடு செய்யும். இரத்தப் பரிசோதனையில் தெளிவு கிடைக்காதபோது அவர்களுக்கும் அந்தச் சிறு எலும்புத் துண்டுதான் பதில் சொல்கிறது.