கல்லாவில் இருப்பவர் கண்ணையும் கவனிப்போம்



ஆண்டுக்கு ஒரு முறை சரக்கு இருப்பைச் சரிபார்க்காத வியாபாரி நம்மில் எவரும் இல்லை. எடைக் கற்களுக்கும் தராசுக்கும் முத்திரை போட்டு வாங்குகிறோம். லாரிக்கு எஃப்.சி. பார்க்கிறோம். ஆனால் அந்தத் தராசு முள்ளைப் பார்க்கிற கண்ணுக்கு என்ன பரிசோதனை செய்கிறோம்? ராயக்கோட்டையில் விடியுமுன் தக்காளி மண்டி கூடிவிடுகிறது. தரம் பிரிப்பதும், சிட்டை எழுதுவதும், இரவோடு இரவாக லோடு ஏற்றிப் போவதும் கண்ணை நம்பித்தான் நடக்கின்றன.

பார்வையைக் கெடுக்கும் நோய்களில் முக்கியமாக மூன்றை நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது கண்புரை. இது சொட்டு மருந்தால் கரையாது. அறுவை செய்து செயற்கை லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பிவிடும். "புரை நன்றாக முற்றட்டும்" என்று காத்திருந்த காலம் மலையேறிவிட்டது.

இரண்டாவது கண் நீர் அழுத்த நோய். வலி இருக்காது, பக்கவாட்டுப் பார்வை சிறுகச் சிறுகக் குறையும். நேரே பார்ப்பது தெளிவாகவே இருப்பதால் நோயாளிக்குத் தெரியாது. இதில் போன பார்வை போனதுதான். மிச்சம் உள்ளதைத்தான் மருந்தால் காக்க முடியும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம். மருத்துவர் சொல்லாமல் மருந்துக் கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் விடுவதாலும் இது வரும். மருந்துக்கடை நடத்தும் நம் சகோதரர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பு. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023இல் கணக்கிட்டது. நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்து, நேரம் தப்பிச் சாப்பிடும் நம் தொழிலில் இது புதிதல்ல. சர்க்கரை மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. மாத்திரை வீடு தேடி வந்தாலும் விழித்திரையை நாம்தான் போய்க் காட்ட வேண்டும். சர்க்கரை என்று தெரிந்ததுமே ஒரு முறை, பிறகு ஆண்டுக்கொரு முறை, கண்ணில் மருந்து விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். அன்று சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். வண்டி ஓட்டக் கூடாது.

இதில் நம் மாநிலம் உலகுக்கே வழிகாட்டியது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்கு வாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவைக் கத்தி பிடிக்கப் பழகியவர் அவர். பணம் உள்ளவர் கட்டணம் தர, இல்லாதவருக்கு இலவசம் என்ற கணக்கு அங்கே நஷ்டமில்லாமல் நடந்தது. வெளிநாட்டு லென்ஸ் 100 டாலர் அளவில் விற்றபோது, 1992இல் தொடங்கிய அவர்களது ஆரோலேப் அதைச் சுமார் 10 டாலருக்குக் கொடுத்தது. மொத்தமாகச் செய்தால் அடக்க விலை குறையும் என்பது நமக்குத் தெரியாததா?

அவர்களது கிராம முகாம்களுக்குப் பின்னால் உள்ளூர்ச் சங்கங்களும் வணிகர்களும் நின்றார்கள். இடம், பந்தல், விளம்பரம் ஊராருடையது. பரிசோதனையும் அறுவையும் மருத்துவமனையுடையது. நம் சங்கமும் இதைச் செய்யலாம். சந்தை இல்லாத நாளாகப் பார்த்து முகாம் வைத்து, துண்டறிக்கையைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அச்சிட வேண்டும். சுமை தூக்குவோர், கூடை தூக்கும் பெண்கள், லாரி ஓட்டுநர்கள், கணக்கர்கள் எல்லோரையும் அன்று சம்பளத்துடன் அனுப்ப வேண்டும். அரை நாள் கூலி போகும் என்றால் யாரும் வரமாட்டார்கள்.

இது தர்மம் மட்டுமல்ல. அஸ்ஸாமில் 40 வயதைக் கடந்த தேயிலைத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. கிட்டப் பார்க்கும் கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இலை பறித்தார்கள். கணக்கர் தப்புத் தப்பாக எழுதுகிறார் என்று ஆளை மாற்றுமுன் அவர் கண்ணாடியை மாற்றிப் பார்க்கலாமே!

நாற்பது வயதைத் தாண்டிய உறுப்பினர்கள் அனைவரும் இந்த ஆண்டே கண்ணைக் காட்டிவிட வேண்டும். வசூலாகாத பாக்கியைக்கூட என்றாவது ஒரு நாள் வாங்கிவிடலாம். போன பார்வையை எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்க முடியாது.