யப்பானிய மோட்டார் வண்டிகளின் வரிசைமுறை

வணிகன் ஒருவன் விற்கும் பண்டங்களை ஒருங்கே நிறுத்தி நோக்கின், அவன் யாரை மனத்திற்கொண்டு கடை விரித்தான் என்பது புலனாகும். மோட்டார் வண்டி செய்வோர்க்கும் இது பொருந்தும். யப்பானிய நிறுவனங்களுள் ரொயோட்டா, நிசான், ஹொண்டா என்னும் மூன்றையும் அவற்றின் வண்டி வரிசைகளைக்கொண்டு ஒப்புநோக்குமிடத்து, முன்னைய இரண்டும் படிக்குப் படி எதிர்நின்று ஏணி கட்டியமையும், மூன்றாவது வேறு வழியில் நடந்தமையும் தெளிவாகும்.

ரொயோட்டாவின் மூலம் நெசவுத்தறி. தறித் தொழிற்சாலையினுள்ளே 1933இல் தொடங்கிய மோட்டார்ப் பகுதி 1937இல் தனி நிறுவனமாயிற்று. நிசானும் 1933இல் தோன்றியதே. அதன் கைக்கு வந்த சிறுவண்டிக்கு முதலில் 'டற்சொன்' என்று பெயர். 'டற்' என்னும் பழைய வண்டியின் மகன் என்பது கருத்து. 'சொன்' என்னும் ஒலி யப்பானிய மொழியில் நட்டத்தைக் குறித்தலின், ஞாயிற்றின் ஆங்கிலப் பெயரை ஈற்றிற் சேர்த்து 'டற்சன்' ஆக்கினர்.

போருக்குப் பின்னர் ஏணிகள் எழுந்தன. ரொயோட்டா 1955இல் கிரவுணையும் 1957இல் கொரோனாவையும் வெளியிட்டது. நிசான் 1959இல் புளூபேட்டைக் கொரோனாவுக்கும், 1960இல் செட்றிக்கைக் கிரவுணுக்கும் எதிராக நிறுத்தியது. ஆயினும் பெரும்போர் நிகழ்ந்தது கீழ்ப்படியிலேயாம். 1966ஆம் ஆண்டு ஏப்பிரிலில் 988 கன சென்ரிமீற்றர் இயந்திரத்துடன் நிசானின் சன்னி வந்தது. பொதுமக்களிடம் பெயர் கேட்டபோது 80 இலட்சத்திற்கு மேற்பட்ட விடைகள் குவிந்தனவாம். தமிழ்க் காதுக்குச் சன்னி நோயின் பெயர். நட்டத்துக்கு அஞ்சியோர் இதனை அறிந்திலர் போலும். அதே ஆண்டு நவம்பரில் ரொயோட்டாவின் கொரோலா 1077 கன சென்ரிமீற்றருடன் வந்து, அந்த 100 மிகுதியையே விளம்பரமாக்கியது. 1970இல் நிசான் 1200 அளவினதாகச் சன்னியைப் பெருப்பித்து, அயலவர் வண்டி சிறிதாகத் தோன்றும் எனப் பறைசாற்றிற்று. கொரோலாவுக்கும் அவ்வாண்டிலேயே 1400 அளவுடைய இயந்திரம் வந்து சேர்ந்தது. சிறுவண்டி என்ற சொல்லின் பொருளே இவ்வாறு ஆண்டுதோறும் பெருத்தது.

பெயர்களின் பெருக்கத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. ரொயோட்டா யப்பானில் விற்பனைக் கடைகளைப் பல கிளைகளாகப் பிரித்திருந்தது. ஒரு கிளை விற்கும் வண்டியை மற்றக் கிளை பெரும்பாலும் விற்றலாகாது. ஆகவே ஒரே வண்டிக்கு முகத்தையும் பெயரையும் மாற்றிக் கிளைதோறும் கொடுத்தனர். மார்க் ரூ, சேசர், கிரெஸ்ரா என்பன அவ்வாறு பிறந்த உடன்பிறப்புக்கள். 2001இல் வெளிவந்த பிரிமியோவும் அலியனும் அத்தகையனவே: முன்னது கொரோனாவின் வழித்தோன்றல், பின்னது கரீனாவினது. இலங்கை வீதிகளிலும் இவ்விரண்டும் மிக்கோடுவதால் எது மேலானது என்னும் வாதம் ஈண்டு ஓய்வதில்லை. அடிச்சட்டமும் இயந்திரமும் ஒன்றே என்பதை வாதிடுவோர் நினைப்பதில்லை. 2020 மே மாதத்திலிருந்து யப்பானில் எல்லாக் கடைகளும் எல்லா வண்டிகளையும் விற்கலாயின. இரட்டைகளுக்கு வேண்டுதல் அற்றது.

ஹொண்டாவின் கதை வேறு. மோட்டார்ச் சைக்கிளிற் பேர்பெற்ற அந்நிறுவனம் நாற்சக்கர வண்டியை முதன்முதல் விற்றது 1963இல். புதியோர் இத்தொழிலிற் புகாதவாறு அரசாங்க அமைச்சு வரைந்த சட்டம் நிறைவேறாமற் போனமை அதற்கு வாய்ப்பாயிற்று. 1972இல் வந்த சிவிக்கும் அடுத்துப் புகுத்திய புதிய எரிமுறையுமே அதன் முதலீடு. சிற்றறையொன்றிற் பெற்றோல் மிகுந்த கலவையைப் பொறியாற் கொளுத்தி, அச்சுடரால் பேரறையிலுள்ள ஐதான கலவையை எரிப்பது அம்முறை. அதனாற் புகைக்குழாயில் ஊக்கிக் கருவி எதுவுமின்றியே, 1970இல் அமெரிக்கா இயற்றிய தூயவளிச் சட்டத்தின் கடுமையான அளவுகளை அவ்வண்டி நிறைவுசெய்தது. 1976இல் அக்கோர்ட் சேர்ந்தது. ஏணிக்குப் படி சேர்ப்பதினும் உள்ள பெயரையே வளர்த்தெடுப்பது ஹொண்டாவின் இயல்பு. இன்றைய சிவிக், முதல் அக்கோர்ட்டினும் பெரிது.

இயந்திரம் 660 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாத சிறுவகையிலும் இவ்வேறுபாடு தெரியும். ரொயோட்டா அதனைத் தன் துணை நிறுவனமாகிய டைகற்சுவிடம் விட்டது. நிசான் மிற்சுபிசியோடு கூடிச் செய்தது. ஹொண்டாவோ தானே செய்கின்றது.

மின்வலுவிலும் வழிகள் பிரிந்தன. பெற்றோலையும் மின்னையும் கலந்தோடும் பிரியசை ரொயோட்டா 1997இலும், இன்சைற்றை ஹொண்டா 1999இலும் வெளியிட்டன. நிசான் 2010இல் முற்றிலும் மின்னாலோடும் லீவ் வண்டியைக் கொணர்ந்தது. துணிவில் நிசானே முந்தியது எனல் தகும். ஆனால் பெயரைக் காக்கும் பொறுமை அதற்கில்லை. டற்சன் என்னும் பெயரை 1980களிற் கைவிட்டு, பின்னர் மீட்டு, 2022இல் மீண்டும் நிறுத்தியது. யப்பானிற் சன்னி 2004இல் மறைந்தது. அதன் பழம்பகையாகிய கொரோலா 2021இல் விற்பனை 5 கோடியைக் கடந்தது.

2024 டிசெம்பரில் நிசானும் ஹொண்டாவும் இணைதற்குப் பேச்சுத் தொடங்கி, 2025 பெப்ருவரியில் அதனை முறித்துக்கொண்டன. இணைந்திருப்பின், இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவும் விலையும் உடைய வண்டிகள் பல இருத்தலின், எதனை வைத்து எதனை விடுவது என்னும் வினாவே முதலில் எழுந்திருக்கும்.